ஜெர்சிப் பை யார் வீட்டுக்குப் போகிறது?

சம்பளம் வாங்காமல் செய்யும் வேலையை ஆண் செய்தால் அதற்குச் சேவை, தொண்டு, தியாகம் என்று பெயர்கள் இருக்கின்றன. பெண் செய்தால் கடமை என்பார்கள். பல நேரம் பெயரே கிடையாது. சமையலறையை வைத்தும் பிள்ளை வளர்ப்பை வைத்தும் இதை நாம் நிறையப் பேசியிருக்கிறோம். நான் இங்கே ஒரு விளையாட்டை வைத்துப் பேச விரும்புகிறேன். காரணம், இந்த விளையாட்டில் ஆண்களும் சம்பளம் வாங்குவதில்லை. யாருமே கூலி வாங்காத ஓரிடத்தில் ஆணும் பெண்ணும் கொடுப்பது ஒரே எடையாக இருக்க வேண்டும். அப்படி இருக்கிறதா என்று பார்த்தால், கொடுப்பது என்றால் என்ன என்ற கேள்விக்கே கொஞ்சம் வெளிச்சம் கிடைக்கிறது.

அந்த விளையாட்டு கேலிக் கால்பந்து. அயர்லாந்தின் சொந்த ஆட்டம். நான் இந்த நாட்டுக்குச் செவிலியர் வேலைக்கு வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. மேற்குப் பகுதியில் ஒரு சிற்றூரில் குடியிருக்கிறோம். என் மகள் ஊர் கிளப்பில், பதினான்கு வயதுக்கு உட்பட்ட பெண்கள் அணியில் ஆடுகிறாள்.

ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். பக்கத்துக்குப் பதினைந்து பேர். உருண்டைப் பந்து. காலால் உதைக்கலாம், கையால் பிடிக்கலாம், மூடிய கையால் தட்டித் தோழிக்குக் கொடுக்கலாம். ஆண்கள் ஆட்டத்தில் தரையில் கிடக்கும் பந்தைக் கால் நுனியால் நெம்பித்தான் எடுக்க வேண்டும். பெண்கள் ஆட்டத்தில் குனிந்து கையாலேயே எடுக்கலாம். கோல் கம்பங்கள் குறுக்குக் கட்டைக்கு மேலேயும் உயர்ந்து நிற்கும். பெண்கள் ஆட்டத்தில் கட்டைக்குக் கீழே வலைக்குள் போனால் மூன்று புள்ளி, மேலே போனால் ஒன்று.

1884 நவம்பர் 1ஆம் தேதி, டிப்பரரி கவுண்டியில் தர்லெஸ் என்ற ஊரின் ஹேய்ஸ் ஹோட்டலில் சிலர் கூடி கேலிக் அத்லெடிக் அசோசியேஷனைத் தொடங்கினார்கள். சுருக்கமாக ஜி.ஏ.ஏ. முன்னின்றவர் மைக்கேல் குசாக். அயர்லாந்து அப்போது பிரிட்டிஷ் ஆட்சியின் கீழ் இருந்தது. ஆங்கிலேயரின் விளையாட்டுகள் பரவிக்கொண்டிருந்த நேரத்தில், மக்கள் தங்கள் சொந்த ஆட்டங்களைக் காப்பாற்ற எழுப்பிய அமைப்பு இது. இன்று 2,000க்கும் மேற்பட்ட கிளப்புகள் இருக்கின்றன. பெரும்பாலும் கத்தோலிக்கப் பங்குதான் கிளப்பின் எல்லை. எந்தப் பங்கில் பிறந்தாயோ அல்லது குடியிருக்கிறாயோ அதற்குத்தான் ஆடுவாய். ஆட்டக்காரரை விலைக்கு வாங்கவோ விற்கவோ முடியாது. கிளப்பில் சிறந்து ஆடுபவர்கள் தங்கள் கவுண்டிக்கு ஆடுவார்கள். டப்ளினில் இருக்கும் குரோக் பார்க் மைதானத்தில் 80,000 பேருக்கு மேல் கூடலாம். அங்கே ஞாயிற்றுக்கிழமை அகில அயர்லாந்து இறுதி ஆட்டம் ஆடியவர், அந்த வாரமே பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தப் போவார், அல்லது பால் கறக்கப் போவார். ஆட்டத்துக்கு ஊதியம் கிடையாது.

விளையாட்டு என்றாலே ஏலம், கோடி, விளம்பரம் என்று பார்த்துப் பழகிய எனக்கு இது பெரிய ஆச்சரியம். இன்றும் மதிப்போடுதான் பார்க்கிறேன். நான் எழுதப்போவதை அந்த மதிப்போடு சேர்த்தே வாசியுங்கள்.

இந்த நாட்டில் ‘மெஹல்’ என்று ஒரு பழைய வழக்கம் உண்டு. அறுவடைக் காலத்தில் அக்கம்பக்கத்து விவசாயிகள் ஒன்றுகூடி முதலில் ஒருவர் நிலத்தை அறுப்பார்கள், அடுத்து இன்னொருவர் நிலம். கூலி இல்லை. இன்று நான் உனக்கு, நாளை நீ எனக்கு. கிளப் இந்த மெஹலின் தொடர்ச்சி என்று இங்கே பலரும் பெருமையாகச் சொல்வார்கள். உண்மைதான். என் மகளுக்குப் பயிற்சி கொடுப்பவருக்கு அவர் சிறுவனாக இருந்தபோது ஊரில் யாரோ ஒருவர் காசு வாங்காமல் பயிற்சி கொடுத்தார். அந்தக் கடனை அவர் இப்போது ஊர்ப் பிள்ளைகளிடம் தீர்க்கிறார்.

ஆனால் மெஹலில் நிலத்தில் நின்றவர்களைத்தான் கணக்கில் வைத்தார்கள். அத்தனை பேருக்கும் சமைத்துப் போட்டவள் அந்த வீட்டுப் பெண். அவளுக்கு யாரும் திருப்பிச் செய்ய வேண்டியதில்லை. அவள் சமைப்பது சுற்றில் சேராத வேலை. வட்டம் சுற்றுவதற்கு நடுவில் ஒரு முளை வேண்டும், முளை நகராது. அவள் அந்த முளை.

எங்கள் கிளப்பில் ஜெர்சிப் பை என்று ஒன்று உண்டு. ஆட்டம் முடிந்ததும் சேறு படிந்த இருபது, இருபத்தைந்து ஜெர்சிகளை ஒரு பெரிய பையில் திணிப்பார்கள். யாராவது எடுத்துப் போய்த் துவைத்து, உலர்த்தி, எண் வரிசையாக மடித்து அடுத்த ஆட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். மழை ஓயாத ஊரில் இருபத்தைந்து கனத்த ஜெர்சிகளை உலர்த்துவது லேசான வேலை இல்லை. நான் சேர்ந்த முதல் இரண்டு பருவங்களில் அந்தப் பை நான்கைந்து பெண்களின் கார்களில் மட்டுமே ஏறியது. தேநீர், சாண்ட்விச், காயத்துக்கு ஐஸ் பொதி, பிள்ளைகளை ஏற்றி இறக்குவது எல்லாம் அப்படியே. ஆண்டு விருந்தில் பயிற்சியாளர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக் கேடயம் கொடுத்தார்கள். கடைசியில், “சமையலறையில் உதவிய பெண்களுக்கும் நன்றி” என்றார்கள். எல்லாரும் கைதட்டினார்கள். அங்கே பெயர்கள் இல்லை.

ஒருமுறை ஒரு தாய், இந்த வாரம் பையை எடுக்க முடியாது என்றார். “வீட்டில் ஏதாவது பிரச்சினையா?” என்று மூன்று பேர் அக்கறையோடு கேட்டார்கள். அதே மாதம் ஒரு தந்தை இந்தப் பருவத்தில் பயிற்சி கொடுக்க முடியாது என்றார். “வேலை அதிகம் போல, பாவம், இத்தனை வருஷம் செய்ததே பெரிசு” என்றார்கள். கேட்டவர்கள் எல்லாரும் நல்லவர்கள். ஆனால் ஆண் நிறுத்தியபோது, அதுவரை கொடுத்தது நினைவுக்கு வந்தது. பெண் நிறுத்தியபோது, ஏன் கொடுக்கவில்லை என்பது கேள்வியாக வந்தது.

இதில்தான் என் வாதம் இருக்கிறது. ஒன்றைக் கொடை என்று சொல்ல வேண்டுமானால், கொடுப்பவருக்கு ‘முடியாது’ என்று சொல்லும் இடம் இருக்க வேண்டும். மறுக்க முடியாத இடத்தில் கொடுப்பதற்குக் கொடை என்று பெயரில்லை. அதை வரி என்று சொல்லலாம், வழக்கம் என்று சொல்லலாம். அன்போடு கொடுத்தாலும் அப்படித்தான். அன்பு இருக்கிறது என்பதால் மறுக்கும் உரிமை தானாக வந்துவிடாது. பல நேரம் அந்த அன்பே வாயை அடைத்துவிடுகிறது.

வெளியிலிருந்து வந்தவளுக்கு மறுப்பதன் விலை இன்னும் கூடுதல். இந்த ஊரில் எனக்கு உறவினர் இல்லை. கடையிலும் தேவாலய வாசலிலும் என்னைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்றால் அது கிளப்பால் வந்தது. என் மகளைப் பார்த்து “நீ எந்த ஊர்?” என்று யாராவது கேட்டால் அவள் யோசிக்காமல் கிளப்பின் பெயரைச் சொல்கிறாள். அதன் மதிப்பு எனக்குத் தெரியும். ஆகவே பையை நீட்டும்போது நான் கையை நீட்டினேன். உள்ளே வர விரும்புகிறவர்களால் எளிதில் மறுக்க முடியாது. பெண்கள் பல அமைப்புகளில் இப்படித்தான் நிற்கிறார்கள்: எத்தனை தலைமுறை அதே ஊரில் இருந்தாலும், கிளப்பில் இன்னும் வந்து சேர்ந்துகொண்டிருப்பவர்கள்.

அயர்லாந்தின் 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பில் இதற்கு ஓர் எழுத்துச் சான்றே இருக்கிறது. 41ஆம் பிரிவில், வீட்டுக்குள் வாழும் தன் வாழ்வின் மூலம் பெண் நாட்டுக்கு ஆதரவு ‘கொடுக்கிறாள்’, அது இல்லாமல் பொதுநலம் நடக்காது என்ற பொருளில் ஒரு வாசகம். அடுத்த வாசகத்திலேயே, பொருளாதாரத் தேவையால் தாய்மார் வேலைக்குப் போய் வீட்டுக் ‘கடமைகளை’க் கைவிட நேராமல் அரசு முயல வேண்டும் என்று வருகிறது. ஒரு வரியில் கொடை, மறு வரியில் கடமை. இதை மாற்றுவதற்கு 2024 மார்ச் 8 அன்று பொதுவாக்கெடுப்பு நடந்தது. புதிய வாசகம் தோற்றது. 73 சதவீதத்துக்கும் மேலானோர் வேண்டாம் என்றார்கள். அப்படி வாக்களித்தவர்களில், புதிய வாசகம் பராமரிப்பு வேலைக்கு அரசை உறுதியாகப் பொறுப்பாக்கவில்லை என்ற கோபம் கொண்டவர்களும் உண்டு. அந்தப் பழைய வாசகங்கள் அப்படியே இருக்கின்றன.

இனி மைதானத்துக்குள் போவோம். அயர்லாந்தில் அரசு வேலையில் இருந்த பெண்கள் திருமணமானால் வேலையை விட்டுவிட வேண்டும் என்ற விதி 1973இல்தான் நீங்கியது. அதற்கு அடுத்த ஆண்டு, 1974இல், அதே தர்லெஸ் ஊரில், அதே ஹேய்ஸ் ஹோட்டலில், லேடீஸ் கேலிக் ஃபுட்பால் அசோசியேஷன் உருவானது. ஆண்கள் கூடித் தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு. அந்த ஆண்டே முதல் அகில அயர்லாந்து இறுதி ஆட்டம் நடந்தது. டிப்பரரி ஆஃபலியை ஒரே ஒரு புள்ளியில் வென்றது. இடம் குரோக் பார்க் இல்லை; லீஷ் கவுண்டியில் டர்ரோ என்ற சிற்றூர்.

அங்கிருந்து அவர்கள் வந்த தூரம் அதிகம். 2001 முதல் ஐரிஷ் மொழித் தொலைக்காட்சியான டி.ஜி.4 இந்தப் போட்டிகளுக்கு ஆதரவாக நிற்கிறது. கார்க் பெண்கள் அணி 2005 முதல் 2016 வரை பன்னிரண்டு ஆண்டுகளில் பதினொரு முறை பட்டம் வென்றது. அந்த அணியின் ரீனா பக்லி கால்பந்திலும் கமோகியிலுமாகப் பதினெட்டு அகில அயர்லாந்துப் பதக்கங்கள் பெற்றவர். கமோகி என்பது மட்டையும் சிறு பந்தும் கொண்டு ஆடும் ஹர்லிங் ஆட்டத்தின் பெண்கள் வடிவம். 2019 இறுதி ஆட்டத்துக்குக் குரோக் பார்க்கில் 56,114 பேர் வந்தார்கள்.

ஆனால் மைதானங்கள் யாருடையவை? பெரும்பாலும் ஜி.ஏ.ஏ.வுடையவை. பெண்கள் கால்பந்துக்கு ஓர் அமைப்பு, கமோகிக்கு இன்னோர் அமைப்பு, இரண்டும் ஜி.ஏ.ஏ.வுக்கு வெளியே. ஆகவே பெண்கள் ஆடும்போதெல்லாம் இடம் கேட்டு நிற்க வேண்டியிருக்கிறது. 2020 டிசம்பரில் கார்க்குக்கும் கால்வேக்கும் நடந்த அரையிறுதி இதற்கு உதாரணம். முதலில் லிமெரிக்கில் நடப்பதாக இருந்தது. அந்த மைதானம் ஆண்கள் ஹர்லிங் அணியின் பயிற்சிக்குத் தேவைப்பட்டதால் டப்ளினில் பார்னெல் பார்க்குக்கு மாற்றினார்கள். ஆட்ட நாளன்று அந்தத் தரை உறைந்து கிடந்தது. கடைசி நேரத்தில் குரோக் பார்க் என்றார்கள். ஆட்ட நேரத்தையும் முன்னால் இழுத்தார்கள். கால்வே பெண்களுக்கு உடலைச் சூடேற்றிக்கொள்ளச் சில நிமிடங்களே கிடைத்தன. ஓர் ஆண்டு முழுவதும் தயாரான ஆட்டம். யாரும் கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை என்றுதான் நம்புகிறேன். இரவல் இடத்தில் நிற்பவர்களுக்கு இப்படித்தான் நடக்கும்.

பணத்தைப் பார்ப்போம். ஆணுக்கும் ஊதியம் இல்லை, பெண்ணுக்கும் ஊதியம் இல்லை. சமம்தானே என்று கேட்கலாம். ஆனால் கவுண்டிக்கு ஆடும் ஆணுக்குப் பயிற்சிக்குப் போய்வரும் பெட்ரோல் செலவு கிடைக்கும், பயிற்சி முடிந்து சாப்பாடு கிடைக்கும், காயத்துக்குச் சிகிச்சை கிடைக்கும். பெண்களில் பலர் வேலை முடிந்து மணிக்கணக்கில் கார் ஓட்டிப் போய்ச் சொந்தக் காசில் பெட்ரோல் போட்டார்கள், சொந்தக் காசில் பிசியோதெரபிக்குப் போனார்கள். ஊதியம் வாங்காமல் ஆடுவது ஒன்று, காசு கொடுத்து ஆடுவது வேறொன்று. இரண்டையும் ‘அமெச்சூர்’ என்ற ஒரே சொல்லால் மூடிவிட முடியாது. 2020 இறுதியில் ஆண் ஆட்டக்காரர்களின் சங்கமும் பெண் ஆட்டக்காரர்களின் சங்கமும் ஒன்றாக இணைந்தன. 2021இல் அரசு, கவுண்டி ஆட்டக்காரர்களுக்கான மானியத்தை இருபாலருக்கும் சமமாக்குவதாக அறிவித்தது. 2023 ஜூனில் பெண்கள் அணிகளின் தலைவிகள் டப்ளினில் ஒன்றாக நின்று, மீதமுள்ள பருவம் முழுவதும் எதிர்ப்பைத் தெரிவித்தபடியே ஆடுவோம் என்றார்கள். பயணச் செலவு, மருத்துவம் போன்ற அடிப்படைகளுக்கு ஒரு சாசனம் கேட்டார்கள். ஊதியம் கேட்கவில்லை.

இதற்கு ஒரு பதில் எப்போதும் வரும்: “ஆண்கள் ஆட்டத்துக்குத்தான் கூட்டம் வருகிறது. வருமானம் வரும் இடத்துக்குத்தானே செலவு செய்ய முடியும்?” எளிதாகத் தள்ளிவிடக்கூடிய பதில் இல்லை இது. ஆனால் ஜி.ஏ.ஏ. எந்த அறத்தின் மேல் நிற்கிறது என்று பாருங்கள். பெரிய கவுண்டியின் பணக்காரக் கிளப்பும், மேற்குக் கரையோரத்தில் பதினைந்து பேரைச் சேர்க்கவே திணறும் கிளப்பும் ஒரே குடும்பம் என்பதுதான் அதன் பெருமை. ஆட்டக்காரருக்கு விலை கிடையாது என்பதுதான் அதன் அடையாளம். சந்தையை வாசலிலேயே நிறுத்திவைத்த அமைப்பு அது. பெண்கள் வாசலுக்கு வரும்போது மட்டும் சந்தையைக் கூப்பிட்டுச் சாட்சி சொல்லச் சொல்வது நியாயமா? கொள்கை என்று ஒன்று இருந்தால் அது எல்லாருக்கும் இருக்க வேண்டும்.

இன்னொரு கவலை நேர்மையானது. எல்லாவற்றையும் கணக்குப் போட ஆரம்பித்தால் ஊர் உணர்வு செத்துப்போகும், தொண்டு வியாபாரமாகிவிடும் என்கிறார்கள். எனக்கும் அந்தப் பயம் உண்டு. ஜெர்சி துவைக்க ஒருவருக்குக் கூலி கொடுத்துவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நான் நினைக்கவில்லை. அப்போது அந்தப் பை இன்னும் ஏழையான ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போகும், அவ்வளவுதான். நான் கேட்பது கணக்கு இல்லை, சுற்று. பை எல்லா வீட்டுக்கும் சுற்றி வர வேண்டும். கணக்குப் பார்க்காத அன்பு என்கிறோமே, அங்கேயும் யாராவது ஒருவர் மனசுக்குள் கணக்கு வைத்திருக்கிறார். அவருக்கு அதைச் சொல்ல இடமில்லை என்பதுதான் வித்தியாசம்.

மறுப்பு என்ன செய்யும் என்பதை 2025 மே மாதம் கமோகியில் பார்த்தோம். அந்த ஆட்டத்தில் பெண்கள் ‘ஸ்கோர்ட்’ எனப்படும், பாவாடை போலத் தோன்றும் உடையைத்தான் அணிய வேண்டும் என்று விதி. டப்ளின், கில்கெனி என்ற இரண்டு அணிகளின் பெண்களும் ஓர் அரையிறுதிக்கு ஷார்ட்ஸ் அணிந்து வந்தார்கள். எதிரெதிராக ஆட வேண்டியவர்கள் இதில் ஒன்றாக நின்றார்கள். மாற்றாவிட்டால் ஆட்டம் ரத்து என்றார் நடுவர். மாற்றிக்கொண்டு ஆடினார்கள். ஆனால் அந்த ஒரு மாலையில் விதி எல்லார் கண்ணிலும் பட்டுவிட்டது. அதே மாதம் 22ஆம் தேதி சிறப்புப் பொதுக்குழு கூடி, 98 சதவீத வாக்குகளோடு, எதை அணிவது என்பதை ஆட்டக்காரரின் விருப்பத்துக்கே விட்டது. அந்த விதியை அதுவரை வைத்திருந்தது கமோகி அமைப்புதான், பெண்களுக்கான அமைப்பு. நம் அமைப்பு என்பதால் மட்டும் மறுக்கும் இடம் அங்கே தானாக இருந்துவிடாது என்பதையும் நாம் குறித்துக்கொள்ள வேண்டும்.

இப்போது மூன்று அமைப்புகளையும் ஒன்றாக்கும் வேலை நடக்கிறது. அயர்லாந்தின் முன்னாள் குடியரசுத் தலைவர் மேரி மெக்அலீஸ் அதற்கான குழுவின் தலைவர். 2027 என்று இலக்கு சொல்லியிருக்கிறார்கள். மைதானம் பொதுவாகும், ஒரே நாளில் கால்பந்தும் கமோகியும் மோதிக்கொள்வது குறையும், நல்லதுதான். ஆனால் ஐம்பது ஆண்டுகளாகப் பெண்கள் கட்டியெழுப்பிய ஓர் அமைப்பு, 1884 முதல் இன்றுவரை ஒரு பெண்ணைக்கூடத் தலைவராக்காத ஓர் அமைப்போடு சேரப்போகிறது. புகுந்த வீட்டுக்குக் கொண்டுபோன நகை யார் பெட்டியில் இருக்கும் என்பது நமக்குத் தெரிந்த கதை. இணைப்பு வேண்டும் என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் மைதானத்தில் பங்கு கிடைப்பதற்காக முடிவெடுக்கும் நாற்காலியை விட்டுக்கொடுத்தால், பெரிய வீட்டில் இன்னொரு முளையாக நிற்பதுதான் மிஞ்சும்.

எங்கள் கிளப்பில் மூன்றாம் பருவத்தில் ஒரு சிறு மாற்றம் வந்தது. பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு பட்டியல் போட்டோம். குடும்பப் பெயரின் அகர வரிசையில் எல்லா வீடுகளும் இருந்தன. ‘அம்மா’ என்றோ ‘அப்பா’ என்றோ எழுதவில்லை, வீடு என்று மட்டும் எழுதினோம். கொஞ்சம் முணுமுணுப்பு வந்தது. ஒரு தந்தை வெந்நீரில் போட்டு ஜெர்சிகளைச் சுருக்கிக் கொண்டுவந்தார். அந்த வாரம் பிள்ளைகள் வயிறு தெரிய ஆடினார்கள். இப்போது அவர் நன்றாகவே துவைக்கிறார். பட்டியலில் இருந்தாலும் சில வீடுகளில் பையைத் திறப்பது யார் என்பதை என்னால் ஊகிக்க முடிகிறது. விளக்கு வெளிச்சம் உள்ள மைதானம் வெள்ளி மாலைகளில் இன்னும் பையன்களுக்குத்தான். அதைக் கேட்டு எழுதிய கடிதத்தைச் செயற்குழு பரிசீலிப்பதாகச் சொல்லியிருக்கிறது.

நீங்கள் கேலிக் கால்பந்து ஆடப்போவதில்லை. ஆனால் கல்லூரி விழாக் குழுவிலோ, குடியிருப்போர் சங்கத்திலோ, கட்சியிலோ, வாசகர் வட்டத்திலோ ஏதோ ஒரு பையை உங்கள் பக்கம் நீட்டுவார்கள். வாங்குவதற்கு முன் மூன்று விஷயங்களைப் பாருங்கள். நான் முடியாது என்றால் என் இடம் இங்கே மிஞ்சுமா? இந்த வேலை சுற்றி வருகிறதா, என்னிடமே நிற்கிறதா? இதைச் செய்கிறவர்களுக்கு முடிவெடுக்கும் கூட்டத்தில் நாற்காலி உண்டா? மூன்றுக்கும் ஆம் என்றால் மகிழ்ச்சியோடு வாங்குங்கள். ஊருக்காக உழைப்பது போல நிறைவு தருவது அதிகமில்லை. ஒன்றுக்காவது இல்லை என்றால், பையைக் கீழே வைத்துவிட்டு முதலில் அதைப் பேசுங்கள். ஜெர்சி ஒரு வாரம் சேறாகவே கிடக்கட்டும்.